வம்ச அட்டவணை சொல்லும் செய்தி



ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 8-ஆம் நாள், அன்னை மரியாளின் பிறப்பு விழாத் திருப்பலியில், புனித மத்தேயு எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரம் வாசிக்கப்படுவது வழக்கம். இன்னாருக்கு இன்னார் பிறந்தார், அவருக்கு இன்னார் பிறந்தார் என்று நீண்டுகொண்டே போகும் பெயர் வரிசை அது. அம்மினதாபு, நகசோன், செயல்தியேல், செருபாபேல் என்று வாயில் நுழையாத பெயர்கள் வரும்போது, நாங்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியதுண்டு. சிறு வகுப்புப் பிள்ளைகள் தூங்கி விழுந்ததும் உண்டு.

சென்ற ஆண்டு ஞானோபதேச வகுப்பில் நான் எழுந்து, "சிஸ்டர், புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தில் நல்ல கதை ஒன்றை வைக்காமல், இந்தப் பெயர்ப் பட்டியலை ஏன் வைத்தார்கள்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. விடையை நீயே தேடி எழுதிக்கொண்டு வா" என்றார். அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

எங்கள் வீட்டு நோட்டு

இந்தக் கேள்வி என்னை விடாமல் பற்றிக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் தாத்தாவிடம் பழுப்பு அட்டை போட்ட ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. அதில் எங்கள் குடும்பத்தின் ஏழு தலைமுறைப் பெயர்களைத் தாத்தா தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். எல்லாம் ஆண்களின் பெயர்கள். கடைசியாக எழுதப்பட்டிருப்பது என் அப்பாவின் பெயர். அதற்குக் கீழே வெறும் கோடுகள்தாம்.

எங்கள் பெற்றோருக்கு நாங்கள் மூன்று பெண்கள். நான் கடைக்குட்டி. என் ஞானஸ்நானத்துக்கு வந்த உறவினர் ஒருவர், "இனி அந்த நோட்டை மூடி வைக்க வேண்டியதுதான்" என்றாராம். அம்மா இதை ஒருநாள் வேடிக்கை போலத்தான் சொன்னார். ஆனால் அன்றிரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நான் பிறந்ததால் ஒரு வம்சம் முடிந்துபோயிற்றா? கடவுளின் நூல் இதற்கு என்ன சொல்கிறது? பெயர் வரிசைகளை நான் விரல் வைத்துப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பெயர்களை ஏன் காத்தார்கள்?

விவிலியத்தில் வம்ச அட்டவணை ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் இருப்பதன்று. தொடக்க நூலின் 5-ஆம் அதிகாரம் ஆதாம் முதல் நோவா வரை பத்துத் தலைமுறைகளைச் சொல்கிறது. 969 ஆண்டுகள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மெத்துசேலா இங்குதான் வருகிறார். இவ்வதிகாரத்தில் 'அவர் இறந்தார்' என்னும் பொருள்பட எட்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை நூறு ஆண்டுகள் வாழ்ந்தாலும் மனிதன் இறக்கிறான். ஆயினும் கடவுள் தந்த வாழ்வு அடுத்த தலைமுறையில் தொடர்கிறது. இவ்விரண்டு உண்மைகளையும் அந்த அதிகாரம் மாறிமாறிச் சொல்கிறது. 10-ஆம் அதிகாரமோ நோவாவின் மூன்று புதல்வரிடமிருந்து பல நாட்டு மக்களும் தோன்றியதாகக் கூறுகிறது. உலக மக்கள் யாவரும் ஒரே குடும்பத்தினர் என்பதே அதன் உட்பொருள்.

இஸ்ரயேல் மக்களுக்கு இந்தப் பட்டியல்கள் அன்றாட வாழ்வுக்கும் தேவைப்பட்டன. நிலம் குலவாரியாகவும் குடும்பவாரியாகவும் பங்கிடப்பட்டிருந்தது. குருக்கள் ஆரோனின் வழியில் வந்தவராக இருக்க வேண்டும். ஆகவே நம் வீட்டில் நிலப் பத்திரத்தையும் வாரிசுச் சான்றிதழையும் பெட்டியில் பூட்டி வைப்பது போல, அவர்கள் தங்கள் முன்னோர் பெயர்களைக் காத்தார்கள்.

கி.மு. 587-இல் எருசலேம் நகரமும் ஆலயமும் பாபிலோனியரால் அழிக்கப்பட்டன. மக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். கி.மு. 538-இல் பாரசீக மன்னர் சைரசு அவர்களைத் திரும்பிச் செல்ல அனுமதித்தார். திரும்பியவர்களின் பெயர்ப் பட்டியல் எஸ்ரா நூலின் 2-ஆம் அதிகாரத்தில் உள்ளது. தங்கள் வம்ச ஏட்டைக் கண்டுபிடிக்க முடியாத சில குருக்கள் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட துயரமும் அங்கே சொல்லப்படுகிறது. அதன் பின் எழுதப்பட்ட குறிப்பேடு முதல் நூலின் முதல் ஒன்பது அதிகாரங்களும் ஏறக்குறைய முழுவதும் பெயர்களே! நாடு இழந்து, ஆலயம் இழந்து, அரசன் இழந்து நின்ற மக்களிடம் எஞ்சியவை பெயர்கள்தாம். கடவுள் எங்களை மறந்துவிடவில்லை என்று சொல்ல அவர்கள் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினார்கள். இதை அறிந்த பின் அந்தப் பக்கங்களைப் படிக்க எனக்குச் சலிப்பு வரவில்லை.

மத்தேயுவின் பட்டியல்

இனி நம் ஆண்டவரின் வம்ச அட்டவணைக்கு வருவோம். மத்தேயு அதை மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறார். ஆபிரகாம் முதல் தாவீது வரை ஒன்று. தாவீது முதல் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டது வரை ஒன்று. அதிலிருந்து கிறிஸ்து வரை ஒன்று. ஒவ்வொன்றிலும் பதினான்கு தலைமுறைகள் என்கிறார்.

பதினான்கு ஏன்? எபிரேய மொழியில் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. தாவீது என்னும் பெயர் அம்மொழியில் மூன்று மெய்யெழுத்துகளால் ஆனது. அவற்றின் மதிப்பு 4, 6, 4. கூட்டினால் 14. இயேசுவே வாக்களிக்கப்பட்ட தாவீதின் மகன் என்பதை மத்தேயு இந்த எண்ணின் வழியாகவும் உணர்த்துகிறார் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இதற்காக அவர் சில பெயர்களை விட்டுவிடவும் செய்கிறார். யோராமுக்கும் உசியாவுக்கும் இடையில் அகசியா, யோவாசு, அமட்சியா என்னும் மூன்று அரசர்கள் இருந்தனர். அவர்கள் மத்தேயுவின் பட்டியலில் இல்லை. மூன்றாம் பகுதியை நாங்கள் வகுப்பில் விரல் விட்டு எண்ணியபோது பதின்மூன்று பெயர்களே வந்தன! எக்கோனியாவை இருமுறை எண்ணுவோரும் உண்டு. மரியாவையும் ஒரு தலைமுறையாகச் சேர்த்து எண்ணுவோரும் உண்டு.

லூக்காவின் நற்செய்தியில் 3-ஆம் அதிகாரத்தில் மற்றொரு பட்டியல் இருக்கிறது. அது இயேசுவிலிருந்து பின்னோக்கிச் சென்று, ஆதாமையும் கடந்து, கடவுளில் முடிகிறது. மத்தேயு, தாவீதின் மகன் சாலமோன் வழியாக வருகிறார். லூக்கா, தாவீதின் மற்றொரு மகன் நாத்தான் வழியாகச் செல்கிறார். சூசையப்பரின் தந்தை பெயர் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. பிள்ளையின்றி இறந்த அண்ணனின் மனைவியைத் தம்பி மணந்து அண்ணனுக்கு வாரிசு தரும் யூத வழக்கத்தைக் கொண்டு, 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் என்பவர் இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் கூறினார். ஒருவர் பிறப்பால் தந்தை, மற்றவர் சட்டப்படி தந்தை என்பது அவர் கருத்து.

இவற்றையெல்லாம் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. நற்செய்தியாளர்கள் பதிவு அலுவலகத்துக்குச் சான்றிதழ் எழுதவில்லை; பெயர்களைக் கொண்டு நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். யூத மக்களின் நம்பிக்கை நிறைவேறியது என்று மத்தேயு ஆபிரகாமில் தொடங்குகிறார். இயேசு எல்லா மக்களுக்கும் உடன்பிறந்தவர் என்று லூக்கா ஆதாம் வரை போகிறார்.

மறைக்கப்படாத பெண்கள்

பெருமை மிக்க குடும்பங்கள் தங்கள் வம்சத்தை எழுதும்போது என்ன செய்யும்? உயர்ந்தவர்களை எழுதும்; ஊர் பேசக்கூடியவர்களை விட்டுவிடும். மத்தேயுவோ இதற்கு நேர்மாறாகச் செய்கிறார். குலத்தாய்களான சாரா, ரெபேக்கா, ராகேல், லேயா ஆகியோரின் பெயர்களை அவர் எழுதவில்லை. அவர் எழுதுவது வேறு நால்வரை.

தாமார்: கணவரை இழந்தவர், மாமனார் யூதா தமக்குச் செய்ய வேண்டிய நியாயத்தைச் செய்யாததால், தாமே துணிந்து வழி தேடியவர். முடிவில், தன்னைவிட அவளே நேர்மையானவள் என்று யூதாவே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இராகாபு: எரிகோ நகரத்தவர், ஊரார் இழிவாக எண்ணிய வாழ்வு வாழ்ந்தவர். ஆயினும் இஸ்ரயேலின் கடவுளை நம்பி, ஒற்றர்களை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்.

ரூத்து: மோவாபு நாட்டுப் பெண். மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் ஆண்டவரின் சபையில் சேரக்கூடாது என்று இணைச்சட்ட நூல் விலக்கிய இனத்தைச் சேர்ந்தவர். மாமியாரைக் கைவிடாத அன்பினால் பெத்லகேமுக்கு வந்து, வயலில் சிந்திய கதிர் பொறுக்கியவர். தாவீது அரசரின் பாட்டனாரைப் பெற்ற தாய் இவரே.

நான்காமவர் பத்சேபா. ஆனால் மத்தேயு அவர் பெயரைச் சொல்லாமல், உரியாவின் மனைவி என்றே குறிப்பிடுகிறார். அதைப் படிக்கும்போதெல்லாம், தாவீது தமக்கு உண்மையாய் இருந்த போர்வீரர் உரியாவுக்குச் செய்த பெரும் பாவம் நினைவுக்கு வந்தே தீரும். அரசரின் குற்றம் அரசரின் வம்ச அட்டவணையிலேயே பதிந்திருக்கிறது!

ஆண்டவர் இயேசு மாசற்ற குடும்பம் ஒன்றைத் தேடிப் பிறக்கவில்லை. அந்நியரும், பாவிகளும், அழுதவர்களும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தார். அதை மறைக்கவும் அவருடைய சீடர்கள் நினைக்கவில்லை. பிறப்பைக் கொண்டும் குலத்தைக் கொண்டும் ஒருவரை உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று பேசும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு நற்செய்தியின் முதல் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. ஆபிரகாமே எங்கள் தந்தை என்று பெருமை பேசியவர்களிடம், இந்தக் கற்களிலிருந்தும் ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை எழுப்பக் கடவுளால் முடியும் என்று திருமுழுக்கு யோவான் எச்சரித்ததை நாம் மறந்துவிடக்கூடாது.

புதல்வியர் மட்டும் இருந்த வீடுகள்

இனி என் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். மகன் இல்லாத வீட்டின் பெயர் அழிந்துவிடுமா?

எண்ணிக்கை நூலின் 27-ஆம் அதிகாரத்தில் ஐந்து சகோதரிகளைக் காண்கிறோம். மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா என்பன அவர்கள் பெயர்கள். தந்தை செலொபுகாது பாலைவனத்தில் இறந்துவிட்டார். அவருக்கு மகன் இல்லை. ஐவரும் மோசேயின் முன்பும், குரு எலயாசரின் முன்பும், தலைவர்கள், மக்கள் யாவரின் முன்பும் வந்து நின்றார்கள். மகன் இல்லாத காரணத்தால் எங்கள் தந்தையின் பெயர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்கும் நிலத்தில் பங்கு தாருங்கள் என்று கேட்டார்கள். மோசே தாமாக விடை சொல்லாமல் ஆண்டவரிடம் கேட்டார். அப்பெண்கள் சொல்வது சரியே என்பது ஆண்டவரின் தீர்ப்பு.

பின்னர், நிலம் வேறு குலத்துக்குப் போய்விடாதபடி தங்கள் குலத்துக்குள்ளேயே மணமுடிக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆயினும் யோசுவாவின் காலத்தில் அவர்கள் தங்கள் பங்கைப் பெற்றார்கள். ஐந்து பெயர்களும் விவிலியத்தில் நான்கு இடங்களில் முழுமையாக எழுதப்பட்டிருக்கின்றன. தந்தையின் பெயரைக் காத்தவர்கள் அந்தப் புதல்வியரே அல்லவா?

குறிப்பேடு முதல் நூலின் 2-ஆம் அதிகாரத்தில் சேசான் என்பவர் வருகிறார். அவருக்கும் புதல்வர் இல்லை, புதல்வியரே. அவர் தம் மகளை யார்கா என்னும் எகிப்தியப் பணியாளருக்கு மணமுடித்துக் கொடுத்தார். அவர்களுக்கு அத்தாய் என்னும் மகன் பிறந்தார். அத்தாயிலிருந்து தொடங்கி எலிசாமா வரை பதின்மூன்று பெயர்கள் அதன் பின் வரிசையாக வருகின்றன. வேற்று நாட்டுப் பணியாளரை மணந்த ஒரு மகளின் வழியாக வந்த சந்ததி, யூதா குலத்தின் பட்டியலில் எவ்விதக் குறையுமின்றி இடம் பெற்றிருக்கிறது. அதே நூலின் 7-ஆம் அதிகாரத்தில் செயேரா என்னும் பெண் கீழ் பெத்கோரோன், மேல் பெத்கோரோன் ஆகிய ஊர்களைக் கட்டியவர் என்ற செய்தியும் பெயர்களுக்கு நடுவே ஒளிந்து கிடக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மத்தேயுவின் பட்டியல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஆபிரகாம் தொடங்கி சூசையப்பர் வரை, தந்தையிடமிருந்து மகன் பிறந்ததைச் சொல்லும் அதே வினைச்சொல் மூல மொழியாகிய கிரேக்கத்தில் 39 முறை வருகிறது. மணி அடிப்பது போல ஒரே ஓசை. ஆனால் சூசையப்பரிடம் வந்ததும் அந்த ஓசை மாறுகிறது. சூசையப்பருக்கு இயேசு பிறந்தார் என்று எழுதப்படவில்லை. சூசையப்பர் மரியாவின் கணவர். மரியாவிடமிருந்தே இயேசு பிறந்தார் என்று வாக்கியம் திரும்புகிறது. முப்பத்தொன்பது தந்தையர் வழியாக வந்த வாக்குறுதி, நிறைவேறும் இடத்தில் ஒரு மகளின் கைக்கு வந்து சேர்கிறது.

சூசையப்பரின் பெருமையும் இங்கேயே விளங்குகிறது. தம் உடலிலிருந்து பிறக்காத குழந்தைக்கு அவர் பெயரிட்டார். தாவீதின் வம்சப் பெயரை அளித்தார். தச்சுத் தொழில் செய்து வளர்த்தார். தந்தை என்று சொல்ல இவை போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செருபாபேலுக்கும் சூசையப்பருக்கும் இடையில், அபியூது தொடங்கி யாக்கோபு வரை ஒன்பது பேர் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றி விவிலியத்தில் வேறு எங்கும் ஒரு செய்தியும் இல்லை. போர் செய்தார்கள் என்றோ, ஆலயம் கட்டினார்கள் என்றோ இல்லை. உழுதிருப்பார்கள், பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்திருக்கும். நம் தாய் தந்தையரும் அப்படிப்பட்டவர்களே என்று நினைத்துக்கொண்டேன்.

மீண்டும் நோட்டுக்கு

கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான் படித்ததையெல்லாம் தாத்தாவுக்குச் சொன்னேன். அவருக்குக் கண் பார்வை குறைவு. காது நன்றாகக் கேட்கும். சேசானின் கதையை இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு நான், "தாத்தா, உங்க அப்பாவைப் பெத்த அம்மா பேர் என்ன?" என்று கேட்டேன். தாத்தா வெகுநேரம் யோசித்தார். "அப்பாயின்னுதான் கூப்பிடுவோம். மடியில உட்கார வச்சு சோறு ஊட்டுவாங்க. பேர் தெரியலையே அம்மா" என்றார். ஏழு தலைமுறை ஆண்களின் பெயர்களைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவருக்கு, தமக்குச் சோறு ஊட்டியவரின் பெயர் தெரியவில்லை. அவர் கண்கள் கலங்கிவிட்டன.

மறுநாள் அப்பாவும் நானும் பங்குக் கோயிலுக்குச் சென்றோம். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் லத்தீன் மொழியில் எழுதப்பட்டிருந்தன. பங்குத்தந்தை பொறுமையாகத் தேடினார். திருச்சபை தன் பதிவேட்டில் குழந்தையின் தந்தை பெயரோடு தாயின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறது. தாத்தாவுடைய தந்தையின் ஞானஸ்நானக் குறிப்பில், மங்கிய மையில், அந்தப் பெயர் இருந்தது. மிகச் சாதாரணமான பெயர்தான். எங்கள் பங்கில் இன்றும் அந்தப் பெயருடைய பெண்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆனால் அதைக் கேட்டதும் தாத்தா சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

அன்று மாலை பழுப்பு நோட்டை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார். கொள்ளுப் பாட்டனாரின் பெயருக்கு அருகில் அவர் மனைவியின் பெயரை எழுதினேன். தாத்தாவின் பெயருக்கு அருகில் என் அப்பாயியின் பெயரையும், அப்பாவின் பெயருக்கு அருகில் அம்மாவின் பெயரையும் எழுதினேன். பிறகு தயங்கினேன். தாத்தா பேனாவை வாங்கிக்கொண்டார். அப்பாவின் பெயருக்குக் கீழே இருந்த வெற்றுக் கோடுகளில், எங்கள் மூவரின் பெயர்களையும் நடுங்கும் கையால் தாமே எழுதினார். எழுத்துகள் கோணலாகத்தான் இருக்கின்றன. எனக்கு அவை போதும்.

தோழியரே! நீங்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பாட்டியின் தாயார் பெயர் என்ன என்று கேளுங்கள். தெரிந்தால் எழுதி வையுங்கள். தெரியாவிட்டால் தேடுங்கள். மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கம் அடுத்த முறை கோயிலில் வாசிக்கப்படும்போது சிரிக்காமல் கேளுங்கள். அந்தப் பெயர்களை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருக்கும் இறைவன், நோட்டில் எழுதப்பட்ட பெயர்களையும் எழுத மறந்த பெயர்களையும் அறிந்திருக்கிறார். அவருடைய நினைவில் மகன் என்றும் மகள் என்றும் வேறுபாடு இல்லை. அந்த நம்பிக்கையோடு, நம்மைப் பெற்றவர்களுக்கும் நம் பள்ளிக்கும் நற்பெயர் தேடித் தரும் புதல்வியராக வாழ்வோமாக!

– மாணவி, பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு